மூன்று கார்புரேட்டரும் மும்தாஜ் அக்காவும்

சூளகிரியில் பள்ளி வாசலில் என் மனைவி சரளாவை இறக்கிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது மும்தாஜ் அக்காவின் மகன் இம்ரானிடமிருந்து போன் வந்தது. "அங்கிள், அம்மா மௌத் ஆயிட்டாங்க. ஃபஜர் தொழுதுட்டு உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல" என்றான். இஞ்சினை அணைக்கக்கூடத் தோன்றாமல் பள்ளிக்குள் ஓடினேன். சரளா வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் "யாரு?" என்றாள். சொன்னேன். தலைமையாசிரியரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னோடு வந்து காரில் ஏறினாள். ஓசூரில் அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். அவள் அந்தக் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததே மும்தாஜ் அக்காவின் கைங்கரியம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நம் ஓசூர் தொழிற்சாலையில் கார்புரேட்டர்களைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் அக்காவைப் பார்க்காதவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. நான் கொள்முதல் பிரிவில் இருந்ததால் காகிதத்தில் கையெழுத்து வாங்க மட்டும் அவரிடம் போவேன். "சார்" என்பார், "அக்கா" என்பேன், அவ்வளவுதான். எங்களை நெருங்க வைத்தது ஒரு கார்.

கர்நாடகத்தில் ஒரு காப்பித் தோட்டக்காரரிடமிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். ஆறு சிலிண்டர், அவற்றுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்க வரிசையாக மூன்று கார்புரேட்டர்கள். அதற்கு முன் அதைப் பார்த்த மெக்கானிக் பந்தயத்துக்கு ஏற்றபடி மாற்றியிருந்தார். காற்று வடிகட்டிகளைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் அதிகம் போகும்படி பெரிய ஜெட்டுகளைப் போட்டிருந்தார். நெடுஞ்சாலையில் பறந்தது. சிக்னலில் நின்றால் இருமி இருமி அணைந்துபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சரளாவை ஏற்றிக்கொண்டு ஓசூருக்குத் துணி எடுக்கப் போனேன். பஸ் ஸ்டாண்டு அருகே கார் நின்றுவிட்டது. பின்னால் டவுன் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பெட்ரோல் நாற்றத்தில் சரளா இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நான் பஸ்லயே போயிக்கறேன்" என்றாள்.

அந்த வார்த்தை என்னை ஏன் அப்படித் தைத்தது என்று சொல்லிவிடுகிறேன். மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிறகு எங்கள் கிருஷ்ணகிரி வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. அவள் ஒரு பஸ், நான் ஒரு பஸ். தினமும் காலையில் சூளகிரி வரைக்குமாவது ஒன்றாகப் போகலாம் என்றுதான் அந்தக் காரை வாங்கினேன். அதை அவளிடம் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு வயதான காலத்தில் வந்த கிறுக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

காரை விற்றுவிடலாம் என்று கேன்டீனில் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்து மேஜையிலிருந்து கவனித்திருக்கிறார். தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தார். எந்த வருட வண்டி, எவ்வளவு வேகம் என்று எல்லோரும் கேட்பதை அவர் கேட்கவில்லை. "பக்கத்துல யாரு சார் உக்காருவாங்க?" என்றார்.

"என் வீட்டுக்காரம்மா. ஆனா இனிமே உக்கார மாட்டேங்கறா."

"அப்ப அவங்களுக்குத்தான் செட் பண்ணணும். ஓட்டறவருக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

அடுத்த ஞாயிறு இம்ரானின் பைக்கில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். பையில் ஸ்க்ரூடிரைவர்களும் ஒரு கை நீள ரப்பர் குழாயும். வேலை முடிந்ததும் வடிகட்டிகளை மாட்டியே ஆக வேண்டும் என்று முதலிலேயே சொன்னார். "கிரானைட் லாரி போற ரோடு இது. ஃபில்டர் இல்லாம ஓட்டுனா இஞ்சினு மண்ணைத்தான் தின்னும்." பிறகு பெரிய ஜெட்டுகளுக்குப் பதிலாகச் சிறியவற்றைப் போட்டார். மூன்றையும் இணைக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு, இஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் குழாயின் ஒரு முனையை முதல் கார்புரேட்டரின் வாயிலும் மறு முனையைத் தன் காதிலும் வைத்தார். உள்ளே போகும் காற்றின் சீறல் மூன்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். வெகுநேரம் வைத்திருந்தவர் குழாயை எடுத்துவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரளா டீ கொண்டு வந்தாள். அக்கா அவளிடம் குழாயை நீட்டினார். "நீங்க கேட்டுச் சொல்லுங்கம்மா. எனக்கு இடது காது போயி நாலு வருஷம் ஆச்சு. இப்ப வலதுலயும் சின்னச் சத்தம் புடிபடல. கம்பெனிக்குத் தெரிஞ்சா பெஞ்சுல இருந்து எடுத்துருவாங்க. அங்க எல்லாத்துக்கும் மீட்டர் இருக்கு, காதே வேணாம். ஆனாலும் எடுத்துருவாங்க."

இனி இதைச் சொல்வதில் தவறில்லை. நாம் பேசும்போதெல்லாம் அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு நம் வாயைப் பார்த்தாரே, அதைப் பணிவு என்று நினைத்தோமே, அது இதுதான்.

சரளா பள்ளியில் காலை வழிபாட்டுப் பாட்டுக்குச் சுருதி எடுத்துக் கொடுப்பவள். தயங்கித் தயங்கிக் குழாயைக் காதில் வைத்தாள். மூன்றையும் மாறி மாறிக் கேட்டாள். "நடுவுல இருக்கறது கொஞ்சம் ஏறிக் கேக்குது" என்றாள். அக்கா திருகை மயிரிழை திருப்பினார். "இப்ப?" "இன்னுங் கொஞ்சம் எறக்குங்க." "இப்ப?" "ஆங், அப்படியே விடுங்க." இருவருக்கும் கன்னடமும் வரும். சற்று நேரத்தில் பேச்சு கன்னடத்துக்குப் போய்விட்டது. எனக்குக் கன்னடம் அரைகுறை. டீ டம்ளர்களைக் கழுவி வைத்தேன்.

இப்படி மூன்று ஞாயிறு. சிக்னலில் நிற்கும்போது சூட்டில் பெட்ரோல் கொதிக்காமலிருக்க, புகைக்குழாய்க்கும் கார்புரேட்டர்களுக்கும் இடையே ஒரு தகடு வெட்டிப் பொருத்தினார். மூன்றாவது ஞாயிறு ஓட்டிப் பார்க்கக் கூப்பிட்டேன். "எனக்கு எதுக்கு? அவங்க வந்து சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். குருபரப்பள்ளி வரை ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்துபோய்த் திரும்பினோம். குலுக்கல் இல்லை, நாற்றம் இல்லை. எப்படியிருந்தது என்று அக்கா கேட்டதற்குச் சரளா, "தூக்கம் வந்துருச்சுங்க" என்றாள். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதோடு விட்டிருந்தால் நான் நல்லவன். சில மாதங்கள் கழித்து, வண்டியில் வேகமே இல்லை என்று ஒரு நண்பர் கேலி செய்தார். அன்று மாலை யாருக்கும் தெரியாமல் நடுக் கார்புரேட்டரில் பெட்ரோல் கூடுதலாகப் போகும்படி திருகிவைத்தேன். அந்த வாரமே ராயக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஓசூர் பக்கம் வந்துகொண்டிருந்தோம். சானமாவு காட்டில் யானைகள் சாலையைக் கடப்பதற்காக வனத்துறையினர் வண்டிகளை நிறுத்தி அணைக்கச் சொன்னார்கள். கடந்ததும், "எடுங்க எடுங்க, இன்னும் ரெண்டு உள்ள நிக்குது" என்று விரட்டினார்கள். முன்னால் நின்ற எல்லா வண்டியும் போய்விட்டது. என்னுடையது இருமியது, பிடிக்கவில்லை. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பெட்ரோல் வழிந்து பிளக்குகள் நனைந்ததுதான் மிச்சம். பட்டுப்புடவையோடு சரளா இறங்கி, வனக்காவலர் இருவரோடு சேர்ந்து தள்ளினாள். வலப்பக்கம் மரக்கிளை முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. கார் கிளம்பியது. ஏறி உட்கார்ந்தவள் என்னைத் திட்டவில்லை. போனை எடுத்து, "அக்கா, நடுவுல இருக்கறது மாறிக் கேக்குது" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஷிஃப்டுக்கு முன் அக்கா பார்க்கிங்கில் நின்றிருந்தார். "தொட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தொட்டேன் என்றேன்.

அன்றுதான் என்னைத் "தம்பி" என்று முதன்முறையாகக் கூப்பிட்டார். "வேகமா போணும்னா தனியாப் போங்க தம்பி. அவங்களை ஏத்துனீங்கன்னா அது அவங்க வண்டி." அந்த ஞாயிறு மறுபடியும் வந்தார். மறுபடியும் சரளா கேட்டாள், அக்கா திருகினார், நான் டம்ளர் கழுவினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ காலைகள். மகளின் போனை ஸ்பீக்கரில் போட்டு மூவரும் பேசியது அந்தக் காரில்தான். இவ்வளவு நாள் எனக்கு ஏன் கோபம், உனக்கு ஏன் கோபம் என்று சரளாவும் நானும் கேட்டுக்கொண்டதும் அதில்தான். அக்காவிடம் இதற்கெல்லாம் ஒருநாள் நன்றி சொன்னேன். "வண்டி ஓடுதா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க" என்று போய்விட்டார்.

அக்காவின் அடக்கத்துக்கு ஆண்களோடு நானும் போய் ஒரு பிடி மண் போட்டேன். சரளா வீட்டில் பெண்களோடு இருந்தாள். திரும்பும் வழியில் அவள் காரின் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். அக்கா தொழிற்சாலையின் வேலைக் குறிப்புத் தாளில் எழுதித் தந்தது. கோடைக்கு எத்தனை திருப்பு, குளிருக்கு எத்தனை திருப்பு என்று மூன்று கார்புரேட்டருக்கும் வரிசையாக இருந்தது. அடியில் கோடிட்டு ஒரு வரி: "திருகுவதற்கு முன் சரளாவைக் கேட்கவும்."

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் தாள். இன்று காலை பனி அதிகம், இஞ்சின் சற்றுக் கரகரத்தது. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, "சரளா, ஒரு நிமிஷம் வா" என்று கூப்பிட்டேன்.