இடம் பார்த்து வாங்கிய லேப்டாப்

பிள்ளைகளே, லேப்டாப் வாங்கப் போனால், அதில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். விலையைப் பிறகு கேட்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை.

குன்னம் பக்கம் எங்களுக்குச் சின்ன வெங்காயம்தான் பிழைப்பு. பிடுங்கிய வெங்காயத்தை வயலிலேயே ஓலை மூடிப் பட்டறை போட்டு, விலை ஏறும்வரை காத்து வைப்போம்; விற்கும்போது களத்தில் கொட்டித் தரம் பிரிப்போம். பெரிய பட்டறை வைத்திருப்பவன் அவசரப்படாமல் விற்பான். எதை வாங்கினாலும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பேன்.

அரியலூரில் ஹாஸ்டலில் தங்கிக் கட்டட வரைபடம் படிக்கும் என் மகளோடு பெரம்பலூர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரே விலையில் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் சேமித்து வைக்க இடம் இரண்டு மடங்கு. மற்றதில் இடம் குறைவு, ரேம் அதிகம். மகள் ரேம் அதிகம் உள்ளதன் மேல் கையை வைத்தாள்.

"படம் வரையறதுக்கு இதுதாம்ப்பா..."

"நீ சும்மா இரு பாப்பா. எடம் இருந்தாத்தான் நாளைக்கு ஒதவும். நான் வாங்காத பொருளா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் பேச்சை மெச்சித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். மகள் கையை எடுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து அவளைப் பார்க்க ஹாஸ்டலுக்குப் போனேன். மாதக் கடைசியில் ஒப்படைக்க வேண்டிய படத்தைக் காட்டச் சொன்னேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இது தொறக்கறதுக்குள்ள நீங்க குன்னம் போயிட்டு வந்துரலாம் அங்கிள்" என்றாள் அருகிலிருந்த தோழி. "இவளே பாத்து வாங்குனாளாம். நாங்க இவள ஓட்டாத நாளில்ல."

மகள் அவளை முழங்கையால் இடித்தாள். அப்புறம்தான் எனக்கு விவரம் தெரிந்தது. தோழி சாப்பிடப் போகிற நேரத்தில் அவளுடைய லேப்டாப்பில் உட்கார்ந்து வரைகிறாள் என் மகள். மிச்சம் இருப்பதைக் கடைசியாகப் போய்ச் சாப்பிடுகிறாள். நான் செய்த தப்பைத் தன் தப்பென்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

எங்கே தவறு என்று கேட்டேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"பட்டறை பெருசாத்தான் இருக்குப்பா. ஆனா களத்துல ஒரு கூடை கொட்டத்தான் எடம். எப்புடித் தரம் பிரிக்கிறது? அந்தக் களம்தான் ரேம்."

எனக்குப் புரிகிற மாதிரி அன்று கடையிலேயே அவளால் சொல்லியிருக்க முடியும். நான்தான் வாயைத் திறக்க விடவில்லை.

அடுத்த வாரமே இருவரும் அதே கடைக்குப் போனோம். என்ன வேண்டும் என்று கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார். "பாப்பாட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். ரேம் கூட்டச் சொன்னாள். அதிலிருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு வேகமான எஸ்.எஸ்.டி. போடச் சொன்னாள். இடம் பாதியாகிவிடும் என்றார் அவர். பரவாயில்லை என்றாள்.

எல்லாம் பேசி முடித்த பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"போட்டுரலாமாப்பா?"

அப்போதும் என்னைத்தான் கேட்டாள். தலையை ஆட்டினேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.