அண்டாவில் மிதக்கும் பந்து

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே எசேக்கியேல் கிணற்றடி அண்டாவில் பந்தைப் போட்டுச் சுற்றிவிடுகிறான். பந்தின் மேல் சாக்கட்டியால் ஒரு புள்ளி. சுற்றி நின்றதும் புள்ளி எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்கிறான். மறுபடி சுற்றுகிறான். மூன்று முறையும் புள்ளி ஒரே இடத்தில் வந்து நின்றால் பந்தின் ஒரு பக்கம் கனம் என்று அர்த்தம்; அன்றைக்கு அவனுக்குக் கஞ்சி இறங்காது. மூன்று முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. அதை நான் இன்னும் பார்த்ததில்லை.

என் தம்பிக்கு வயது இருபத்தாறு. ஆம்பூரில் அதாவுல்லா சாயபுவின் தோல் ஷாப்பில் எட்டு வருஷம் தோல் சீவியவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் கிழிந்துபோன சீமைக் கால்பந்து ஒன்றைக் குப்பையில் போட்டிருந்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தையல் பிரித்துத் தரையில் பரப்பினான்.

"பதினெட்டுத் துண்டு, அக்கா. அத்தனையும் மாட்டுத்தோலு. நம்ம ஊர்ல இருந்து தோலு கப்பல் ஏறிப் போவுது, பந்தாகித் திரும்பி வருது. நடுவுல இன்னா பண்றாங்கன்னுதான் தெரியல. கண்டுபுடிச்சிடறேன்" என்றான்.

அடுத்த மாதமே வேலையை விட்டான்.

அதற்குப் பிறகு உலகத்தில் உருண்டையாக உள்ளதெல்லாம் அவனுக்குச் சொந்தமாகிவிட்டது. சந்தையில் சாத்துக்குடியை வாங்கமாட்டான். உருட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவான். ஞானஸ்நான விருந்தில் குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தான். பெற்றவள் பூரித்து நின்றாள். "நல்லா இருக்கு. இடது பக்கம்தான் கொஞ்சம் கம்மி" என்றான். அந்த வீட்டார் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை.

முதல் பந்து பப்பாளிபோல் வந்தது. இரண்டாவது, ஒரு பக்கம் பல்வலி கண்ட முகம்போல் வீங்கியது. பார்க்க வந்தவர்களில் முதல் ஆள் சாமுவேல் சித்தப்பா. சித்தப்பா தம் ஆயுளில் ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட உதைத்தவரல்ல. ஆனாலும் பந்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை.

"இன்னாடா எசேக்கி, இது கோழி போட்டதா, நீ போட்டதா?"

"கோழின்னா ஒரே நாள்ல போட்டிருக்கும் சித்தப்பா. எனக்கு இருவது நாள் ஆச்சு."

"சீமைக்காரன் மிஷின் வச்சிக்கினு செய்யறான். உனக்கு இன்னா இருக்கு?"

"கை இருக்கு. மிஷினைச் செஞ்சதும் கைதானே?"

நானும் சும்மா இருக்கவில்லை. அவன் ஈரத்தோலை முருங்கைக் கிளையில் தொங்கவிட்டு, தைத்த பிறகு இழுபடாமல் இருக்க அதன் அடியில் என் அம்மிக் குழவியைக் கட்டிவைத்துவிட்டான். மூன்று மாதம் எங்கள் வீட்டில் துவையல் இல்லை. நான் கத்தினேன். அவன் கேட்டுக்கொண்டான், குழவியை அவிழ்க்கவில்லை.

ஏழாவது பந்தில் ஒன்று பிடிபட்டது. மாட்டின் வயிற்றுப் பக்கத்துத் தோல் காற்று ஏற ஏற இழுபடுகிறது. முதுகுத் தோல் இழுபடுவதில்லை. அவன் இரண்டையும் கலந்து தைத்திருக்கிறான். எட்டு வருஷம் தோல் சீவியவனுக்கு இது ஏன் முதல் பந்திலேயே தெரியவில்லை என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். நாற்பது வருஷம் அதே தோல் ஷாப்பில் இருந்த அவருக்கு அன்றுவரை தெரியாது என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

அதாவுல்லா சாயபு தங்கமான மனுஷர். ஒருநாள் ஆளனுப்பிக் கூப்பிட்டார். "கிறிஸ்துமஸ் வரைக்கும் உன் எடத்துல வேற ஆள் போடமாட்டேன். அதுக்குள்ள பள்ளிக்கூடத்துல உன் பந்தை வாங்கினா நல்லது. இல்லாங்காட்டி பேஜார் பண்ணாம கத்தியை எடுத்துக்கினு வந்துடு" என்றார். இவன் சரியென்று கைகொடுத்துவிட்டு வந்தான். அன்றுமுதல் தெருவே கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணத் தொடங்கியது. இரட்சகர் பிறப்பை எங்கள் தெரு அவ்வளவு ஆவலோடு அதற்கு முன் எதிர்பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பந்து வாங்குகிறவர் ட்ரில் மாஸ்டர் ரஷீத் அஹமது. பதினொரு பந்துகளைத் திருப்பி அனுப்பியவர். பன்னிரண்டாவதை மட்டும் தரையில் தட்டிப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை வேலூர் பசங்க ஆட வர்றாங்க. ஆட்டம் முடியற வரைக்கும் இது உருண்டையாவே நிக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்றார்.

டிசம்பர் பதினைந்தாம் தேதி, மூன்றே முக்கால் மணி. ஆட்டம் தொடங்கும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. எசேக்கியேல் கோட்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்தான். ஆட்டக்காரர்கள் யாரையும் அவன் பார்க்கவில்லை; பந்து போன பக்கமெல்லாம் அவன் தலை போயிற்று. எங்கள் ஊர் மூன்று கோல் வாங்கித் தோற்றது. கோல் காப்பாளன் சகதியைக் குறை சொன்னான். கேப்டன் நடுவரைக் குறை சொன்னான். ட்ரில் மாஸ்டர் இருவரையும் குறை சொன்னார். பந்தை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோற்ற பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்றைக் குறை சொல்லாமல் விட்டார்கள் என்றால் அதற்குமேல் நற்சாட்சிப் பத்திரம் கிடையாது.

ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் நான் நூல் வைத்து மூன்று வாட்டத்தில் அளந்தேன். கால் அங்குலம்கூட மாறவில்லை.

"உள்ள காத்தடிக்கிற பிளாடர் சீமை சரக்காச்சே! அதான் நின்னுச்சு" என்றார் சித்தப்பா.

திங்கட்கிழமை காலையில் ட்ரில் மாஸ்டரே எங்கள் கிணற்றடிக்கு வந்தார். கையில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட காகிதம். பின்னாலேயே சித்தப்பாவும் வந்தார். திருப்பி அனுப்பிய சேதியாக இருக்கும் என்று நம்பி வந்தவர் முகத்தை மாற்றிக்கொள்ளச் சற்று நேரமாயிற்று.

"ஆறு பந்துப்பா. ஈஸ்டருக்குள்ள குடுத்துடு. அச்சு அசலா இதே மாதிரி இருக்கணும்" என்றார் மாஸ்டர்.

எசேக்கியேல் காகிதத்தை வாங்கிக்கொண்டான். கண் மட்டும் அண்டாவில் மிதந்த அந்தப் பன்னிரண்டாவது பந்தில் இருந்தது. சுற்றிவிட்டான். புள்ளி மேலே வந்து நின்றது. மறுபடி சுற்றினான். மேலேயே நின்றது. மூன்றாம் முறையும் அப்படியே. பிளாடரை நுழைத்த வாயை வார் கோத்துக் கட்டிய பக்கம் சனிக்கிழமை மழைத் தண்ணீரைக் குடித்துக் கனத்து, ஒவ்வொரு தடவையும் அடியில் போய் உட்கார்ந்தது.

"அக்கா, அந்தக் கத்தியை எடு."

"டேய், கையெழுத்துப் போட்ட காகிதம்டா! வாயை மூடிக்கினு ஒத்துக்கோ!" என்று சித்தப்பா பதறினார். பந்துக்காக அவர் பதறியது அதுதான் முதல் தடவை.

"ஆறு தர்றேன் சார். ஆனா இதே மாதிரி வேணாம்."

காகிதம் நனையாமல் என் கையில் கொடுத்தான். ஈரப் பந்தைத் தொடை நடுவே இடுக்கிக்கொண்டு, மாஸ்டர் "அடடா" என்று கை நீட்டுவதற்குள் முதல் தையலை அறுத்தான்.