அண்ணன் குரல் கொடுத்த கடல்

வெளிநாட்டு ஆர்டர் ஒன்றுக்காகக் குழந்தைகள் டீ-சர்ட் மேஜை நிறையக் குவிந்து கிடந்தது. நெஞ்சுப் பக்கத்தில் உருண்டையான ஒரு நீர்மூழ்கிக் கப்பல், அதைச் சுற்றி மீன்கள். பிரிண்ட் எங்காவது பிசிறியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளுவதுதான் என் வேலை. மீனுக்குக் கண் இருக்கிறதா, இருக்கிறது, அடுத்தது. மூளையைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யலாம். அந்த மாதங்களில் எனக்கு அது ரொம்பவே ஒத்துப்போனது.

அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து நான் மரத்துப்போயிருந்தேன். அழவில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன். ஆபரேஷன் முடிந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் என்று அண்ணி போனில் சொன்னபோதுகூட, "சரிங்க அண்ணி" என்றேன். பார்சல் வந்து சேர்ந்துவிட்டது என்று யாரோ தகவல் சொன்ன மாதிரி.

ஆனால் அந்த டீ-சர்ட்டில் ஒன்றை மட்டும் தள்ளிவிடாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜப்பான்காரர்கள் எடுத்த பழைய கார்ட்டூன் ஒன்று டி.வி.யில் இந்தி பேசிக்கொண்டு வரும். இதே மாதிரி உருண்டைக் கப்பல். அதில் ஒரு பையன், ஒரு தாடிக்கார கேப்டன், கூடவே ஒரு கடல்நாய். மூவரும் கடலுக்கடியில் எதையோ தேடிப் போவார்கள். எதை என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அதற்கு இந்தி மட்டும் காரணமில்லை. அப்பா வீட்டை ஒட்டித் தகர ஷெட் போட்டு, பனியன் துணி பின்னுகிற மெஷின்களை ஓட்டிக்கொண்டிருந்தார். டி.வி. இருந்த சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின். ஞாயிறும் ஓடும், தீபாவளிக்குத்தான் நிற்கும். டி.வி.யின் சத்தத்தை முழுசாகத் திருகி வைத்தாலும் ஒன்றும் காதில் விழாது. கத்திப் பேசிக் கட்டுப்படியாகாது என்பதால் எங்கள் வீட்டில் யாரும் கத்த மாட்டோம். சத்தம் போடாமல் உதட்டை மட்டும் நன்றாக அசைத்தால் போதும், எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்தே புரிந்துகொள்வார். மெஷின் வைத்திருந்த வீடுகளில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. கல்யாணமாகி அவிநாசிப் பக்கம் போனபிறகுதான் தொல்லை. "உங்க மருமவ ஏனுங்க வாயவே பாத்துட்டு நிக்குது, என்ற பல்லுல ஏதாச்சும் ஒட்டியிருக்குதுங்களா?" என்று ஒரு சொந்தக்கார அம்மாள் என் மாமியாரிடம் கேட்டே விட்டார்.

கார்ட்டூனுக்கு வசனம் எல்லாம் அண்ணன்தான். டி.வி.க்குப் பக்கத்தில் என்னைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, ஓரக்கண்ணால் படத்தைப் பார்த்தபடி உதட்டசைவிலேயே அளந்து விடுவார். அவர் கதையில் கேப்டன் ஒரு நூல் வியாபாரி, எந்த ஆபத்து வந்தாலும் "அடுத்த வாரம் பாக்கலாங்க" என்பார். கடல்நாய் எங்கள் ஷெட்டுக்கு வரும் மெக்கானிக். கப்பலுக்கு என்ன ஆனாலும் "பெல்ட்டு போச்சுங்க" என்பது அதன் தீர்ப்பு. எங்களுடையது கருப்பு வெள்ளை டி.வி. என்பதால் நிறமும் அண்ணன் சொல்வதுதான். அந்த வாரம் சாயப்பட்டறைகளிலிருந்து நொய்யல் ஆற்றில் என்ன சாயத் தண்ணீர் போனதோ அதுதான் கடலின் நிறம். ஒரு வாரம் சிவப்பு, ஒரு வாரம் கருநீலம். நான் ஒரு வார்த்தை சந்தேகப்பட்டதில்லை. திருச்செந்தூரில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது, "நாளைக்கு என்ன கலர் வருமுங்ணா?" என்று கேட்டேன். பெரியவளானபிறகும் அதைச் சொல்லிச் சொல்லியே என் மானத்தை வாங்கினார்.

பிறகு காதர்பேட்டையில் பனியன் கடை வைத்து, வடக்கே இருந்து வரும் வியாபாரிகளை அரைகுறை இந்தியிலேயே மடக்கிப்போட்ட மனிதர். அந்த வாய்தான் இப்போது மூடிக் கிடந்தது. கழுத்தில் மூச்சு விடுவதற்கு ஒரு துளை, அதன்மேல் மறைப்பாக ஒரு வெள்ளைத் துணி. வேண்டியதைப் போனில் தட்டிக் காட்டுவார். கழுத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நாங்கள் எல்லாரும் போனையே பார்த்துப் பழகிவிட்டோம்.

ஆபரேஷனுக்குப் பிறகு கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் தினமும் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் சில நாள் போய்விட்டு வந்த அண்ணன், அதன்பிறகு வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டார். போனில் 'வேண்டாம்' என்று தட்டினார். ஏன் என்று கேட்டால் மறுபடியும் 'வேண்டாம்'. பாதியில் விட்டால் நோய் திரும்ப வந்துவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணி அழுது பார்த்தார். அண்ணன் மகன் சண்டை போட்டுப் பார்த்தான். "நீங்களாச்சும் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஞாயிறு மதியம் போனேன். அந்த டீ-சர்ட்டைப் பார்த்த நாளில் தேடிப் பிடித்த கார்ட்டூன் போனில் இருந்தது. வெறுங்கையோடு போகக் கூடாது என்று பழம் வாங்கிப் போவதைப்போல, கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதை ஓட்டினேன்.

ஜப்பான் மொழியிலேயே இருந்தது. பையன் வாயைத் திறந்ததும் கீச்சென்று ஒரு குரல் வந்தது. கேப்டன் எருமை மாதிரி உறுமினார். கடல் சும்மா நீலமாக இருந்தது. ஷேடு தப்பிப்போன துணியைப் பார்க்கிற மாதிரி அண்ணன் முகத்தைச் சுளித்தார். போனைப் பிடுங்கிச் சத்தத்தை நிறுத்தினார். தண்ணீர்ச் சொம்பின்மேல் அதைச் சாய்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கேப்டன் வாயைத் திறந்தார். அண்ணனின் உதடு அசைந்தது.

"அடுத்த வாரம் பாக்கலாங்க."

ஒரு எழுத்துகூடத் தப்பாமல் எனக்குப் புரிந்தது. சிரித்துவிட்டேன். கடல்நாய்க்குப் பெல்ட்டு போனது. பையன் நூல் வியாபாரியை வறுத்தெடுத்தான். அண்ணனின் உதடு நிற்கவே இல்லை. கழுத்துத் துணி ஏறி இறங்கியது, அதையும் பார்த்தேன்.

படம் முடிந்ததும் கேட்டேன். "ஏனுங்ணா கரண்ட்டு வேண்டாங்கறீங்க?"

அடுப்படியில் இருந்த அண்ணியை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு உதட்டை அசைத்தார்.

"மூஞ்சிக்கு வலையாட்டம் ஒண்ணை மாட்டி மேஜையோட சேத்துப் பூட்டிர்றாங்க அம்மிணி. ஆடவே முடியாது. அப்பறம் எல்லாரும் வெளிய போயிக் கதவைச் சாத்திக்கறாங்க. உள்ள எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எப்படிக் கூப்புடறது?"

 நானும் சத்தமில்லாமலே கேட்டேன், இதைப் போனில் எழுதிக் காட்டியிருக்கலாமே என்று.

"எழுதுனாப் பையன் படிப்பான். அப்பன் பயந்துட்டான்னு தெரிஞ்சுருமே."

அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை.  அத்தனை மாதங்களில் எனக்குள் ஏதாவது அசைந்தது என்றால் அது அப்போதுதான், அதுவும் வெறும் பயம்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எழுந்து அடுப்படிக்குப் போய், "நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறனுங்க அண்ணி" என்று மட்டும் சொன்னேன். 

மறுநாள் கோயமுத்தூரில், கரண்ட் வைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா கையில பெல் குடுத்திருப்பமே மேடம்" என்றாள். "அமுக்குனாப் போதும், மெஷினை நிறுத்திட்டு ஓடி வந்துருவோம்."

யாரையும் குறை சொல்கிற தொனி அவளிடம் இல்லை. அண்ணன் உள்ளங்கையில் ரப்பர் உருண்டையாக ஒரு பெல்லை வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். அந்த வலை முகமூடியை மாட்டினாள். எல்லாரும் வெளியே வந்தோம். கதவு மூடியது. அவள் நாற்காலியில் உட்காருவதற்குள் பெல் அடித்தது.

ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். முகமூடியைத் தூக்கினால், அண்ணன் மூச்சு சீராக இருந்தது. என்னைத் தேடிப் பார்த்து உதட்டை அசைத்தார்.

"என்ன பண்ணுதாம்?" என்று அந்தப் பெண் பதறினாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். "கூப்பிட்டா வர்றீங்களான்னு பாத்தாராமுங்க."

அவள் சிரிக்கவில்லை. "எத்தனை தடவை வேணும்னாலும் கூப்பிடுங்க அண்ணா, வர்றோம்" என்று சொல்லிவிட்டு முகமூடியை மறுபடியும் மாட்டினாள்.