இரண்டு வரிகளை அழித்தவர்

என் நாற்காலியில் உட்கார்ந்து, என் மவுசைப் பிடித்து, மேனேஜர் அந்த இரண்டு வரிகளையும் அழித்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். "இத்தனை கேள்வி எதுக்கு தம்பி? ஒரு கிளிக், ஒரு துளை, முடிஞ்சுது. வேலை நகரணும்" என்றார். சேமித்துவிட்டு எழுந்துபோனார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான், வேறொன்றுமில்லை.

தக்கலையில் திருவனந்தபுரம் சாலையோரம், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். மின்னணுக் கருவிகளுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுகளைக் கணினியில் வரைந்து கொடுப்பது வேலை. என் அக்காவைக் கட்டிய அத்தான் எனக்கு முன்பே அங்கே சேர்ந்திருந்தார். போர்டைப் பெட்டிக்குள் திருகி மாட்டுவதற்கான துளைகளை ஒவ்வொன்றாக வரைந்து அலுத்துப்போய், அதற்கென்று ஒரு சிறிய நிரல் எழுதினார். ஓட்டினால், துளை எங்கே வேண்டும், கிளிக் செய்யவும் என்று திரையின் அடியில் ஒரு வரி வரும். கிளிக் செய்த இடம் குறுக்கே எவ்வளவு, மேலே எவ்வளவு என்று இரண்டு எண்களாக நிரலுக்குப் போகும். அங்கே துளை விழும். கிளிக் செய்யாமல் எஸ்கேப் பொத்தானை அழுத்தினால், ஆள் இடம் எதுவும் காட்டவில்லை என்று வரையும் மென்பொருள் நிரலுக்குச் சொல்லும். அதைக் கேட்டு நிரல் நிற்பதற்கு ஒரு வரி. கிளிக் செய்தபின் 'இந்த இடம்தானா?' என்று கேட்பதற்கு இன்னொரு வரி. "ஒருத்தன் வேண்டாம்னு சொன்னா அதையும் கேக்கணும்லா மக்கா" என்பார் அத்தான். மேனேஜர் அழித்தது இந்த இரண்டையும்தான்.

அன்றைக்கே அத்தான் அவர் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "கேள்வி கேக்குத வரி போனா போட்டும் சார். நிறுத்துத வரிய மட்டும் திரும்பப் போடுவோம்." மேனேஜர், பார்க்கலாம் என்றார். பார்க்கவில்லை.

சில வாரம் கழித்து, மருத்துவமனைகளில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்கான போர்டு என் கைக்கு வந்தது. வரைந்து முடித்து, சோதனையும் ஓட்டி, பிழை ஏதுமில்லை என்று வந்தபிறகு, மூலையில் இன்னொரு துளை வேண்டும் என்றார் மேனேஜர். மூலையைத் திரை நிறையப் பெரிதாக்கிக்கொண்டு நிரலை ஓட்டினேன். கிளிக் செய்யப் போகும்போது, வேண்டாம், விட்டுவிடு என்றார். எஸ்கேப் அழுத்தினேன். நிரல் நிற்கவில்லை. இடம் கிடைக்காததால் எண்கள் இரண்டும் பூஜ்யமாகவே இருந்தன. எங்கள் வழக்கப்படி பூஜ்யம் என்பது போர்டின் நடுப்புள்ளி. நான் பார்க்காத அந்த இடத்தில் துளை விழுந்தது. எதையும் மாற்றவில்லை என்ற நினைப்பில் மறுபடி சோதிக்காமல் அனுப்பிவிட்டேன். அது என் பிழை.

போர்டுகள் பெட்டி பெட்டியாகச் செய்யப்பட்டு வந்தன. எல்லாவற்றிலும் நட்டநடுவில் ஓட்டை. செம்புத் தடங்கள் அறுபட்டு ஒன்றுகூட உயிர் பெறவில்லை. நல்லவேளையாக எந்த நோயாளியின் பக்கத்துக்கும் அவை போகவில்லை.

வாடிக்கையாளர் தரப்பில் ஆள் வந்து உட்கார்ந்திருந்த கூட்டத்தில், மேனேஜர் அந்த நிரலைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். தலைப்பில் அத்தானின் பெயர். "இதை எழுதினது யாரு?" என்று ஒன்றும் அறியாதவர்போலக் கேட்டார். அத்தான் எழுந்தார். "எழுதினது நான்தான் சார். நிறுத்துத வரிய எடுத்தது நான் இல்ல." மேனேஜர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "அப்போ எடுத்தது யாரு? தெரிஞ்சவங்க சொல்லலாம்."

நாங்கள் வாய் திறக்க மாட்டோம் என்று அந்த மனிதருக்கு அவ்வளவு உறுதியாகத் தெரிந்திருந்தது. என் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே அத்தானிடம் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். மூன்று மாதத்தில் அவர் ஷார்ஜா போனார். ஒரு தொழிற்சாலையில் போர்டுகளைப் பரிசோதிக்கும் வேலை.

நான் அங்கேயே இருந்தேன். ஆறு வருடம். போன மாதம் மேனேஜருக்குப் பதவி உயர்வு என்று விருந்து வைத்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அறிவுரை சொல்லும்போது, தன் பெயரைப் போட்டு எழுதியதற்குத் தானே பொறுப்பேற்கத் தெரிய வேண்டும் என்றார். நான் எழுந்துவிட்டேன். "அந்த ரெண்டு வரியையும் அழிச்சது நீங்க. என் சீட்ல உக்காந்து அழிச்சிய. நான் பின்னால நின்னு பாத்தேன்." அவர் சிரித்தார். "அது பழைய விஷயம் தம்பி, சாப்பிடுங்க" என்றார். யாரும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. மறுநாள் வேலையை விட்டேன்.

ஷார்ஜாவுக்குப் போன் செய்து அத்தானிடம் சொன்னேன். "சொன்னியா. நல்லது மக்கா" என்றார். பிறகு, "உங்க அக்காளுக்கு, நீ அந்த மீட்டிங் ரூமுல இருந்தது தெரியாது. நான் சொல்லேல. இனியும் சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இரணியலில் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினேன். வழக்கம்போல அக்கா இலை போட்டு வைத்திருந்தாள். உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குழம்புச் சட்டியைக் கையில் பிடித்தபடி கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எம் மோளு அவ அப்பாவ போனுலதான் பாத்து வளருதா" என்றாள். "நீ ஞாயித்துக்கிழம தோறும் இங்க வந்து சாப்பிட்டுட்டுப் போன."