பனியில் இறங்கிய குழல்

என் புருஷன் என் குழலை அறுத்துவிட்டார். இரும்பு அறுக்கிற வாளால். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

திருவிழா அன்று விடியற்காலை. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் பஜனையில் அதுவரை ஆம்பளைகள்தான் குழல் ஊதினார்கள். “கொழுந்து பறிக்கிறவளுக்குக் கொழல் எதுக்கு” என்று பேசிய லயத்து வரிசை வீட்டு ஆட்கள் முன்னால் அன்றைக்கு நான் ஊத வேண்டும். கீழே வெயில் காயும் மொனராகலையில் செய்து வாங்கிய மூங்கில் குழல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கீபோர்டோடு ஒத்திகை பார்த்தபோது சுருதி சரியாகவே நின்றது. அன்று காலை கடும் பனி. எந்தச் சுரத்தை ஊதினாலும் கீபோர்டு சுருதிக்குக் கீழே கிடந்தது.

பசறை டவுனிலிருந்து வந்திருந்த கீபோர்டுக்காரத் தம்பி சிரித்தான். “அக்கா, இப்படி ஊதுனீங்கன்னா சாமி எந்திரிச்சி பஸ் ஏறிரும். பூசைக்குள்ள சரியாகலன்னா நீங்க தாளம் போடுங்க.”

தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களை வெட்டிப் பொருத்துவது என் புருஷனுக்கு வேலை. “குழாய் நீளம், அதான் சத்தம் எறங்குது. கொண்டா புள்ள” என்று பிடுங்கினார். ஒரு விரல் அகலத் துண்டு மண்ணில் விழுந்தது.

மிச்சத்தைச் சுவெட்டருக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஊதிப் பார்த்தேன். எல்லாச் சுரமும் கீபோர்டோடு ஒட்டியது. ஆறு ஓட்டையையும் மூடி ஊதும் அடிச் சுரம் மட்டும் மேலே ஏறிக் கத்தியது. அதற்குத்தான் குழலின் முழு நீளமும் வேண்டும்.

அப்போதுதான் உறைத்தது. நீளத்தில் குற்றமே இல்லை. உள்ளே இருந்த காற்று குளிர்ந்து கிடந்திருக்கிறது. இப்போது நெஞ்சோடு வைத்ததுபோல் முன்னாலேயே சூடு காட்டியிருந்தால் போதும்.

“இப்ப என்னங்க செய்யப் போறீங்க?”

“வெட்டுனவனுக்கு ஒட்டத் தெரியாதா?”

“வாயை மூடிட்டு ஒட்டுங்க.”

முட்டி போட்டு மண்ணில் தேடினார். துண்டைத் துடைத்து, வாய் பொருத்தி, கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றினார். பூசை மணி அடித்துவிட்டது.

ஊதினேன். அடிச் சுரம் வரும் இடம் வந்தது. கத்தவில்லை. அதன் இடத்தில் நின்றது. கீபோர்டுக்காரன் தலையை ஆட்டினான். தாளம் போடச் சொன்னவன்.

டேப் இன்னும் அப்படியே இருக்கிறது. வீட்டில் அவர் வாளை எடுத்தால், இன்றைக்கும் நான் முதலில் குழலை எடுத்துச் சுவெட்டருக்குள் வைத்துக்கொள்கிறேன்.