எதிர்வீட்டுக் கன்றுக்குக் கேட்ட மாத்திரை

எழுபதுகளின் கடைசியில் மதுரை திருநகரில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். நான் ஒரு மில்லில் குமாஸ்தா. வீட்டில் என் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன், பின்னால் கட்டியிருந்த பசுதான். அதுவும் கையில் தவிட்டு வாளி இருந்தால்!

அதன் கன்றுக்கு ஒரு தடவை காய்ச்சலும் இரத்தக் கழிச்சலும் வந்துவிட்டன. மாட்டாஸ்பத்திரி டாக்டர், குடலில் கிருமி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்.

"சீக்கிரமே துள்ளும். துள்ளுதேன்னு நிறுத்திராதீங்க, சொன்ன நாள் வரைக்கும் குடுக்கணும். மிச்சம் பிடிச்சு வேற மாட்டுக்கும் குடுக்கக் கூடாது" என்று விரலை ஆட்டிச் சொன்னார். ஹெட்கிளார்க்கைப் பார்த்தால் வருகிற நடுக்கம் எனக்கு அவரைப் பார்த்தும் வந்தது.

மாத்திரையை வெல்லத்தில் பொதிந்து ஊட்டினேன். கன்று வெல்லத்தைத் தின்றுவிட்டு மாத்திரையை என் முகத்திலேயே துப்பியது. கடைசியில் என் மனைவிதான் அதைத் தூளாக்கிக் கஞ்சித் தண்ணீரில் கரைத்துப் புகட்டினாள். டாக்டர் சொன்னபடியே கன்று துள்ள ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா வந்தார். கணவர் இல்லை, ஒரே ஒரு பசுவின் பாலை ஊற்றித்தான் மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். போன ஈற்றில் கன்று செத்துப்போனபோது, அதன் தோலில் வைக்கோலை அடைத்து முன்னால் நிறுத்தித்தான் பால் கறந்தார். பசு அந்த வைக்கோல் கன்றை நக்கும்போதெல்லாம் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"தம்பி, எங்க கன்னும் கழியுது. ஒங்கதுதேன் தேறிருச்சே, மிச்ச மாத்திரையக் குடுங்க."

காப்பிப்பொடியோ தலைவலி மாத்திரையோ, கேட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. என் மனைவி பொட்டலத்தை எடுத்தே விட்டாள். எனக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ, "டாக்டர் திட்டுவாருக்கா" என்றேன். எம்மாம் பெரிய வீரம்!

"அவரு வந்து எண்ணியா பாக்கப் போறாரு? பாதியாச்சும் குடுங்க."

"ரெண்டுக்கும் அரைகுறையாப் போயிருமேக்கா. ஒங்க கன்னுக்கு என்ன கோளாறுன்னே தெரியலையே."

"இன்னொரு வைக்கக்கன்ன என்னால பாக்க முடியாது தம்பி." அக்காவின் குரல் உடைந்தது. மனைவி பார்த்த பார்வையில், அன்றைக்கு எனக்குச் சோறு கிடையாது என்று புரிந்தது.

"கெளம்புங்கக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வாரேன்" என்றேன்.

சைக்கிள் ரிக்‌ஷாவில் கன்று என் மடியில். மில்லுக்குப் போகக் கட்டியிருந்த வெள்ளை வேட்டி. அந்த வேட்டிக்கு என்ன ஆனது என்பதை எழுதினால் யாரும் சாப்பிட முடியாது. ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, இதுல யாருக்கு வைத்தியம்?" என்றார். அழுதுகொண்டிருந்த அக்காவே சிரித்துவிட்டார்.

டாக்டர் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார், சாணத்தைப் பார்த்தார். "பால் எவ்வளவு விடுறீங்க?" என்று கேட்டார்.

அக்கா தயங்கினார். "மடியை அதுக்கே விட்டுருவேன் சார். அதுபோக மிச்சந்தேன் வீடுகளுக்கு ஊத்துறேன். போனது மாதிரி இதுவும் போயிரக் கூடாதுல்ல."

டாக்டரின் குரல் தணிந்தது. "பால் மிஞ்சிப்போய் வந்த கழிச்சல்மா. இதுக்கு மாத்திரையே வேணாம். அநாவசியமாக் குடுத்தா, நாளைக்கு நெசமாவே தேவைப்படும்போது அது வேலை செய்யாமப் போயிரும். பாலைக் கொஞ்சங்கொஞ்சமாப் பிரிச்சு விடுங்க. நடுவுல, காய்ச்சி ஆறின தண்ணியில உப்பும் வெல்லமும் கரைச்சுப் புகட்டுங்க. சோர்ந்து படுத்தா உடனே தூக்கிட்டு வாங்க."

"அப்ப நாந்தேன் பாசத்துல கெடுத்தேனா?"

"பாசத்தக் குறைக்கச் சொல்லலம்மா, பாலைத்தான்."

திரும்பும்போது அக்கா கன்றைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டார். வழி முழுக்க அதன் காதைத் தடவிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும், "வேட்டியக் கழட்டிக் குடுங்க தம்பி, அலசித் தாரேன்" என்றார். நடுத்தெருவில்!

கன்று பிழைத்தது. வளர்ந்து அதுவும் ஈன்றபோது, சீம்பால் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது.

இப்போதும் யாராவது மிச்ச மாத்திரை இருக்கிறதா என்று கேட்டால், நான் உடனே செருப்பைத் தேடுகிறேன். பயப்பட வேண்டாம், அடிப்பதற்கு அல்ல, அவர்களோடு ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்து போவதற்கு.