கமருன்னிஸா சுட்ட வாத்துகள்

திருவிடைமருதூர் கமருன்னிஸாவுக்குக் குறி தப்பாது. புகுந்த வீட்டில் பதினான்கு வருடமாக இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நோன்புப் பெருநாள் மதியம் பிரியாணி முடிந்ததும் அந்த வீட்டில் ஒரு போட்டி நடக்கும். கேசட் போட்டு விளையாடும் பழைய டிவி கேம்தான். திரையில் பத்து வாத்து பறக்கும், பிளாஸ்டிக் துப்பாக்கியால் சுட வேண்டும். குறைவாகச் சுட்டவர் அடிப்பிடித்த பிரியாணி தேக்சாவைத் தேய்க்க வேண்டும். ஒரு ஆள் உள்ளே இறங்கி உட்காரலாம், அவ்வளவு பெரிய தேக்சா. கமருன்னிஸா அதன் அடியை விரலால்கூடத் தொட்டதில்லை. நாத்தனார் தஹ்மீனாதான் வருஷா வருஷம் தேய்த்தாள். தேய்த்து முடிக்கும்வரை உலகத்திலுள்ள வாத்துகளையெல்லாம் திட்டித் தீர்த்தாள்.

உண்மை என்னவென்றால், கமருன்னிஸா இன்றுவரை ஒரு வாத்தைக்கூடச் சுட்டதில்லை.

கல்யாணமாகி வந்த முதல் பெருநாளில் நடந்தது இது. புதுப்பெண், முக்காடு போட்டுக் குனிந்த தலை நிமிரவில்லை. "சுடுங்க மச்சி" என்று துப்பாக்கியை அண்ணியின் கையில் திணித்தாள் தஹ்மீனா. கூச்சத்தில் கை விலகி, துப்பாக்கி டிவிக்குப் பக்கத்து அலமாரியின் மேல் எரிந்த குண்டு பல்பைப் பார்த்தது. விசையை அழுத்தினாள். திரையில் வாத்து விழுந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள், இன்னொன்றும் விழுந்தது. நாகூர் கந்தூரித் திருவிழாக் கடையில் வாங்கிய மலிவுத் துப்பாக்கி அது. அதற்கு வேண்டியது வெளிச்சம், வாத்திலிருந்து வந்தால் என்ன, பல்பிலிருந்து வந்தால் என்ன? வாயில்லாப் பூச்சி என்று கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்கு மூன்றாவது வாத்திலேயே விஷயம் பிடிபட்டுவிட்டது.

அதிலிருந்து ஒவ்வொரு பெருநாளும் அவளே ஜன்னலைச் சாத்துவாள். "வெயில் பட்டா படம் தெரியாதுல்ல?" பல்பைப் போடுவாள். மூலை நாற்காலியில் உட்கார்ந்து, துப்பாக்கியை முந்தானை மறைவில் பிடித்துக்கொள்வாள். எல்லோர் கண்ணும் திரையில் இருக்கும், அவளை யார் பார்க்கப் போகிறார்கள்? பல்பும் ஒரு பெருநாளில்கூட ஃப்யூஸ் போனதில்லை. அல்லாஹ் தன் பக்கம்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

ஒரே ஒரு உறுத்தல், கணவன் சித்தீக். ஷார்ஜாவில் எலக்ட்ரீஷியன். "எங்க வீட்டுல சுட்டா பத்துக்குப் பத்து" என்று ரூமில் எல்லோரிடமும் பீற்றிக்கொள்வான். லீவில் ஊருக்கு வரும் அவன் கூட்டாளிகள் வாசலில் நின்றே, "வாத்து சுடுற அக்கா இவங்கதானா?" என்பார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும், கூடவே குட்டு வெளிப்பட்டால் என்ன ஆகும் என்ற பயமும் வரும். அந்தப் பெருமை அவன் வாயிலிருந்து போய்விடுவதைவிட, ஊரிலுள்ள தேக்சாவையெல்லாம் தேய்த்துவிடலாம் என்று தோன்றும்.

இந்த வருஷம் சித்தீக் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டான். கூடவே ஐம்பத்தைந்து இஞ்ச் எல்இடி டிவியும் வந்தது. கூடத்தில் இருந்ததோ மாமியார் ரேஷன் கார்டுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பதினாலு இஞ்ச் டப்பா டிவி. இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம்.

"கேமுக்குப் பழசுதாங்க நல்லது" என்றாள் கமருன்னிஸா. பழகிய பெட்டி போய்விட்டால் பல்பு வித்தையும் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு.

"பெரிசுல வாத்து பெரிசா தெரியும் மச்சி, சுட இன்னும் சுலபம்" என்றாள் தஹ்மீனா.

மெக்கானிக் புகழேந்தி வந்தான். இரண்டு டிவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கேமை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினான். டப்பா டிவியில் வாத்து லட்சணமாக இருந்தது. எல்இடியில் கட்டம் கட்டமாக உடைந்து, அகலவாக்கில் ஊதிப்போய், ரெண்டு நாள் தண்ணீரில் கிடந்த வாத்து மாதிரி தெரிந்தது. குதிக்கிற கேமில் பட்டனை அழுத்தினால், ஆள் பள்ளத்தில் விழுந்த பிறகுதான் குதித்தான்.

"இதுல படம் கொஞ்சம் லேட்டாதான் வரும் அக்கா. அப்புறம் அந்தத் துப்பாக்கி இருக்கு பாருங்க, அதைப் பத்தி ஒண்ணு சொல்லணும்…"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா? துப்பாக்கி என்றதுமே கமருன்னிஸாவுக்கு முகம் வெளுத்தது. "முதல்ல டீ குடிங்க தம்பி!" என்று அடுப்படிக்கு ஓடினாள். டீயோடு திரும்பி வந்தபோது, வாசலில் தஹ்மீனா அவனிடம் ஏதோ கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் எல்லோரும் தூங்கப் போனதும், கமருன்னிஸா எல்இடியில் கேமைப் போட்டு, துப்பாக்கியைப் பல்புக்கு நேரே நீட்டி ஒரு தடவை சுட்டுப் பார்த்தாள். வாத்து விழுந்தது. "உங்க இஷ்டங்க, பெரிசையே வைங்க" என்று அன்று மாலையே பெரிய மனசோடு சம்மதித்தாள்.

பெருநாள் வந்தது. பிரியாணி முடிந்தது, ஜன்னல் சாத்தியாயிற்று, பல்பு எரிந்தது. தஹ்மீனா முதலில் சுட்டாள். பத்துக்கு ஒன்றுகூட விழவில்லை. எப்போதும் குறைந்தது நாலு விழும். ஆனால் அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, சிரித்துக்கொண்டே துப்பாக்கியை நீட்டினாள். வயசாகிறது, கை ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டாள் கமருன்னிஸா. நாற்காலியில் சாய்ந்து, முந்தானையைச் சரிசெய்து, பத்து வாத்தையும் போட்டுத் தள்ளினாள்.

கூடத்தில் ஒருவரும் கைதட்டவில்லை.

"மச்சி" என்றாள் தஹ்மீனா, தேன் ஒழுகும் குரலில். "புகழேந்தி என்ன சொன்னாரு தெரியுமா? அட, நீங்கதான் டீ போடப் போயிட்டீங்களே. டப்பா டிவி படத்தைக் கோடு கோடா வரையுமாம், துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பிடிக்குமாம். எல்இடியில படம் லேட்டா வர்றதால, துப்பாக்கி தேடுற நேரத்துல அங்க ஒண்ணுமே இருக்காதாம். யார் சுட்டாலும் ஒரு வாத்துகூட விழாதுன்னு சொன்னாரு. நீங்க பத்தைச் சுட்டீங்க!"

கமருன்னிஸா கணவனைப் பார்த்தாள். அவன் ரிமோட்டை என்னவோ புதுசாகப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி மறைத்துப் பயனில்லை. துப்பாக்கியைத் தூக்கி அலமாரிப் பக்கம் காட்டினாள்.

"பல்பு" என்றாள்.

"பதினாலு வருஷம்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் தஹ்மீனா. "பதினாலு வருஷம் நகம் போகத் தேச்சேனே! அண்ணே, அந்தப் பழைய டிவியையே எடுத்து வைங்க. வர்ற பெருநாளைக்குப் பல்பு இல்லாம சுடட்டும், பார்ப்போம். இன்னைக்கு தேக்சா யாருதுன்னு நான் சொல்லணுமா?"

சொல்லவேண்டியதில்லை. கமருன்னிஸா கிணற்றடியில் தேக்சாவைக் கவிழ்த்து, தேங்காய் நாரும் சாம்பலுமாகத் தேய்த்தாள். அடி லேசில் விடவில்லை, தஹ்மீனா வாத்தைத் திட்டியதில் தப்பே இல்லை என்று தோன்றியது. கூடத்திலிருந்து நாத்தனாரின் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. அதெல்லாம் அவளுக்குப் பெரிசாகப் படவில்லை. கணவர் ஒரு வார்த்தை பேசவில்லையே என்பதுதான் உறுத்தியது. இனி யாரிடம் போய், எதைச் சொல்லிப் பெருமைப்படுவார்? கண்ணீர் தேக்சாவுக்குள் விழுந்தது. அதையும் சேர்த்துத் தேய்த்தாள்.

சித்தீக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு அட்டைப்பெட்டியை அவள் முன் வைத்தான். திறந்தாள். உள்ளே குண்டு பல்புகள், ஆறோ ஏழோ இருந்தன.

"இப்பல்லாம் கடையில சுலபமா கிடைக்கிறதில்ல. கும்பகோணம் பூரா அலைஞ்சேன்" என்றான். "ஒவ்வொரு லீவுக்கும் வந்து புதுசு மாத்திட்டுத்தான் போனேன். இல்லாட்டி அது எப்படிம்மா பதினாலு வருஷம் எரியும்?"

அவள் பெட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "எல்லாரும் டிவியைத்தானே பார்த்துக்கிட்டிருந்தாங்க… உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் கையிலிருந்த தேங்காய் நாரை வாங்கிக்கொண்டு அவன் தேய்க்க ஆரம்பித்தான்.

"கல்யாணமாகி முதல் பெருநாளு. நான் டிவியையா பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்?"